பயந்தவன் போட்ட ஜன்னல்

படகுப் பட்டறையில் எல்லோரும் அவரைப் பயில்வான் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒட்டடைக்குச்சி. உடம்பு அந்த லட்சணம் என்றால் மனசு அதைவிட மோசம். நாய் குரைத்தால் பயப்படுவார். குரைக்காமல் முறைத்துப் பார்த்தால் இன்னும் பயப்படுவார். டாக்டர் முகத்தைச் சுளித்தாலும் பயம், சிரித்தாலும் பயம். தெருவைக் கடக்க நின்றாரென்றால், பின்னால் வந்தவர்கள் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியும் வந்துவிடுவார்கள். இவர் இன்னும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு நிற்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்குப் பட்டப்பகலிலும் தெரியும். அப்பேர்ப்பட்ட மனிதருக்குப் பயில்வான் என்று பட்டம் சூட்டியவன் பட்டறைப் பெயின்டர். அவன் வாய் சும்மா இருக்காது.

வாலிபத்தில் வீடுகளுக்குக் கண்ணாடி போடுகிற வேலை பார்த்தார். தரைத்தளம் வரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது. மாடி என்றால் வந்தது வினை. சாரத்தில் கால் வைத்ததும் இரண்டு முழங்காலும் ஆளுக்கொரு பக்கம் ஆடும். ஒருநாள் மூன்றாவது மாடியில் ஜன்னல் சட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இறங்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி ஆள் விட்டு இறக்கினார். மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம்தான் இந்தப் பட்டறை. இங்கே பழைய பாய்மரப் படகுகளைத் தண்ணீரிலிருந்து தூக்கி, தரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருப்பார்கள். ஏணியில் கொஞ்சம் ஏறி மேல்தளத்தில் உட்கார்ந்துவிட்டால், கேபின் ஜன்னல்கள் கைக்கு எட்டும். படகு ஆடாது, அசையாது. இது நமக்குச் சரிப்படும் என்று சேர்ந்தவர், இங்கேயே தலை நரைத்தார். பட்டறையின் பின்கூடத்தில் பாய் தைத்துக்கொண்டிருந்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டதும் இங்கேதான். அந்த அம்மாள் தைத்த பாயை ஏற்றிப் பார்க்கத் தானே கடலுக்குப் போய்விட்டு, நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டு வருகிற ரகம். இவரோ தண்ணீரில் மிதக்கிற படகு எதிலும் ஒருநாளும் கால் வைத்ததில்லை. படகுத்துறையின் பலகை மேலே நடப்பதாக இருந்தாலும் சரியாக நடுவில்தான் நடப்பார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் போட்ட ஜன்னல் ஒழுகாது. மற்றவன் ஒரு தடவை பார்ப்பதை இவர் நாலு தடவை பார்ப்பார். எங்கே சொட்டிவிடுமோ, யார் வந்து சட்டையைப் பிடிப்பார்களோ என்று செத்துச் செத்துப் பிழைப்பார். அதனால் படகு வைத்திருந்தவர்களிடையே ஒரு பேச்சே உண்டு: "பயந்தவன் போட்ட ஜன்னல் ஒழுகாதுய்யா, அவர்கிட்டயே கொடு." வாழ்க்கையில் அவர் பெருமைப்பட்டுக்கொள்ள இருந்தது அந்த ஒரு பேச்சுதான்.

அவருக்கு ஒரே மகள். தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பது பொய்யா? நடக்கப் பழகியதும் அது தண்ணீரைப் பார்த்துத்தான் நடந்தது. வளர்ந்து, தன்னைப் போலவே கடல் பைத்தியம் பிடித்த ஒருவனைக் கட்டிக்கொண்டாள். போன வருஷம் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு கிழட்டுப் பாய்மரப் படகை வாங்கி, அதைப் பட்டறைக்கே இழுத்துக்கொண்டு வந்தார்கள். இந்தக் கடலைத் தாண்டி அந்தக் கரையில் மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்திருந்தது. படகிலேயே போய், படகிலேயே குடியிருக்கப் போகிறார்களாம்.

இதைத் தடுத்தே தீருவது என்று பயில்வான் முடிவு செய்தார். அன்றிலிருந்து தினமும் ஒரு காரணத்தோடு வருவார். பாய்மரம் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்பார். அடிப்பலகையில் ஏதோ வாடை அடிக்கிறது என்பார். போன வாரம் கனவு சரியில்லை என்பார். மகள் எல்லாவற்றுக்கும் சிரிப்பாள்.

"அப்பா, பாய்மரத்தை அம்மா பாத்தாச்சு. அடிப்பலகையை நாங்க பாத்தாச்சு. கனவை மட்டும் நீங்க பாத்துக்குங்க."

"சிரிக்காதே. நடுக்கடல்ல ஒண்ணு ஆச்சுன்னா யாரைக் கூப்பிடுவே?"

"உங்களைத்தான். நீங்கதான் எப்பவும் முழிச்சிக்கிட்டே இருப்பீங்களே."

தடுக்க முடியாது என்று தெரிந்தபின் அவரால் செய்ய முடிந்தது ஒன்றுதான். ஜன்னல்களை அவரே கையில் எடுத்தார். திறக்க முடியாத, நீளவாக்கிலான ஜன்னல்கள், பக்கத்துக்கு மூன்று. படகு காற்றில் சாயும்போது அலை நேரே அந்த ஜன்னல் மேல்தான் ஏறும். உள்ளே படுத்திருப்பவருக்கும் கடலுக்கும் நடுவில் அந்த ஒரு பிளாஸ்டிக் தகடுதான்.

உள்பக்கத்து ஸ்க்ரூக்களைக் கழற்றி, மெல்லிய கத்தியை விட்டு அலுமினியச் சட்டங்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்தார். பழைய அக்ரிலிக் தகடுகள் மஞ்சளாகிக் கீறல் விழுந்திருந்தன. சட்டத்தைச் சுற்றி யார் யாரோ எந்தெந்தக் காலத்திலோ அப்பிய பசை, காய்ந்து கல்லாகிக் கிடந்தது. அதைச் சுரண்டி எடுப்பதற்குள் அவருடைய விரல்நுனி தோலெல்லாம் போயிற்று. புதுத் தகடுகளைப் பழையதன் அளவுக்கே வெட்டி, வெயிலில் விரிவதற்குச் சுற்றிலும் மயிரிழை இடம் விட்டு, சட்டத்தில் ரப்பரோடு பொருத்தினார். ஒரு பொட்டு தூசிகூட இல்லாமல் துடைத்தார்.

இனி வருவதுதான் வேலையின் உயிர். சட்டத்துக்கும் படகின் சுவருக்கும் நடுவே, தண்ணீர் புகாமல் அடைக்கும் பசையான கறுப்பு சீலன்ட்டை வைத்து உட்காரவைக்க வேண்டும். உட்காரவைத்து ஸ்க்ரூவைக் கையால் மட்டும், பட்டும் படாமல் திருக வேண்டும். சீலன்ட் நடுவில் ஒரு நாணயத்தின் கனத்துக்காவது நிற்க வேண்டும். அப்படியே விட்டுவிட்டு, அது இறுகி ரப்பரான பிறகு அரைத் திருகு; அவ்வளவுதான். ஈரமாக இருக்கும்போதே முறுக்கினால் இருக்கிற சீலன்ட்டெல்லாம் வெளியே பிதுங்கிவிடும். நடுவில் ஒன்றும் மிஞ்சாது. அந்தத் தொழிலில் முதல்நாள் கற்றுக்கொள்கிற பாடம் இது. பயில்வானுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார்.

அன்றைக்கும் அப்படித்தான் செய்தார். கையால் திருகி, கையைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போனார். சாயந்தரம் சமையலறையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பாட்டு நின்று, வெளிக்கடலில் அலைகள் வழக்கத்தைவிட உயரமாக இருக்கும் என்று ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த பாட்டைப் போட்டுவிட்டாள். அவளுக்கு என்ன, பெற்றவளா?

மறுநாள் விடிந்தும் விடியாததுமாகப் பயில்வான் பட்டறையில் நின்றார். ஏன் வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. படகுக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தார். அதன் மேல் அலை ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. திருப்புளியை எடுத்தார். ஒரே ஒரு சுற்று, மனசு சமாதானத்துக்கு என்று ஆரம்பித்தார். ஒரு சுற்று போட்டதும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. இன்னொன்று போட்டதும் இன்னும் நிம்மதியாக இருந்தது. அப்புறம் கை நிற்கவில்லை. சட்டம் கிறீச்சிடும் வரை, மணிக்கட்டு வலிக்கும் வரை, ஆறு ஜன்னலையும் முறுக்கித் தள்ளினார். தெரியாமலா செய்தார்? எல்லாம் தெரியும். ஆனால் பயம் பிடித்த கைக்குத் தலை சொல்வது எங்கே கேட்கிறது! மேல்தளத்துக்கு வந்து, வெளியே பிதுங்கியிருந்ததைக் கத்தியால் வழித்துக் கீழே போட்டுவிட்டு, மாதக்கணக்கில் இல்லாத நிம்மதியோடு வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்தார்.

சீலன்ட் காய்ந்ததும் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. "யாரு போட்டது!" என்றாள் மகள். பயில்வானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

புறப்படும் நாளும் வந்தது. காலையில் கிரேன் படகைத் தூக்கித் தண்ணீரில் இறக்கியது. மகளைக் கட்டிக்கொண்டு அவர் அழுத அழுகையில், பக்கத்துப் படகுக்காரர் சாவு வீடோ என்று எட்டிப் பார்த்தார். படகு துறையை விட்டு விலகி, அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டி மறைந்தது. காற்று திரும்பும் வரை சுவருக்கு வெளியே நங்கூரம் போட்டுக் கயிறுகளைச் சரிபார்த்துவிட்டு, மத்தியானம்தான் பாயை ஏற்றுவதாக மாப்பிள்ளை சொல்லியிருந்தான்.

பயில்வான் திரும்பிப் பட்டறைக்கு வந்தார். படகு நின்ற இடம் வெறிச்சென்று கிடந்தது. பெயின்டர் அங்கே துடைப்பத்தோடு நின்றுகொண்டு, காலால் எதையோ தள்ளினான்.

"என்ன பயில்வானே, சீலன்ட்டு கடையை இங்கயே கவுத்துட்டியா? ஜன்னலுக்கு வெச்சதைவிடத் தரையில ஜாஸ்தி கிடக்குதே!"

அவன் கேலியாகத்தான் சொன்னான். பயில்வான் குனிந்து ஒன்றை எடுத்தார். விரல் கனத்துக்கு, முழ நீளத்துக்குக் கறுப்புப் பட்டை, இப்போது ரப்பராக இறுகியிருந்தது. இன்னொன்றை எடுத்தார். இன்னொன்று. எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. ஜன்னலுக்கு நடுவே இருக்க வேண்டியது அத்தனையும் தரையில் கிடந்தது.

பயில்வானுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குழாய்த் தண்ணீருக்கு ஒழுகாது. படகு ஆடாமல் நின்ற இடத்தில் காகிதக் கனத்துப் படலம் போதும். ஆனால் அலையில் படகின் உடம்பு முறுக்கிக்கொள்ளும்போது, ரப்பராக இழுபட்டுக் கொடுக்க நடுவில் ஒன்றுமில்லை. படலம் கிழியும். ஒரு ஜன்னல் அல்ல, ஆறும்.

போன் இரண்டு தடவை கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. மூன்றாவது தடவை மகள் எடுத்தாள்.

"திரும்பி வாம்மா. உடனே வந்துடு."

"ஆரம்பிச்சிட்டீங்களா! இன்னும் நங்கூரம்கூட எடுக்கலப்பா."

"விளையாடலம்மா. ஜன்னல் சரியில்ல. ஒழுகும்."

"எது, நீங்க போட்ட ஜன்னலா?" மகள் வாய்விட்டுச் சிரித்தாள். "என்னைத் திருப்பிக் கூப்பிடறதுக்கு உங்க ஜன்னலையே ஒழுகும்னு சொல்றீங்களே, பாவம்ப்பா நீங்க!"

"நான் தப்புப் பண்ணிட்டேன். சத்தியமா."

"அப்பா, மரம் சாஞ்சிருக்குன்னீங்க. வாடை அடிக்குதுன்னீங்க. கனவுன்னீங்க. இப்ப இது. அழாதீங்க. நான் கரை சேந்ததும் பேசறேன்." போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

புலி வருது, புலி வருது என்று ஆயுசு முழுக்கக் கத்தியாயிற்று. இப்போது நிஜமாகவே புலி வந்து நிற்கிறது, யார் நம்புவார்? பயில்வான் பட்டைகளை அள்ளிக்கொண்டு பின்கூடத்துக்கு ஓடினார். மனைவி தையல் மிஷினில் இருந்தாள். அவர் பட்டைகளோடு கையை நீட்டினார். அவள் பட்டைகளைப் பார்த்தாள், அவருடைய மணிக்கட்டு வீக்கத்தைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அடப் பாவி மனுஷா! ஈரத்துலயே முறுக்கினீங்களா?"

"ஆமா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவள் செருப்பைக்கூடத் தேடவில்லை. "நீங்க இங்க இருங்க. நான் மோட்டார் படகை எடுத்துக்கிட்டுப் போறேன்."

"நீ போனா நம்பமாட்டா," என்றார் பயில்வான். "நான் அழுது உன்னை அனுப்பினேன்னு நினைப்பா. சிரிச்சிட்டுக் கிளம்பிடுவா." "நான்தான் போகணும்."

மனைவி அவரையே பார்த்தாள். கல்யாணமான நாளாக இல்லாத பார்வை. "ஓடுங்க அப்ப," என்றாள்.

பட்டறையின் மோட்டார் படகு சின்னது. பெயின்டர்தான் ஓட்டினான். துறையின் விளிம்பில் நின்று பயில்வான் ஒரு காலை வைத்தார், படகு அசைந்தது, காலை எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார். "கடவுளே, கடவுளே" என்று முனகிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, மூட்டை விழுவதுபோல உள்ளே விழுந்தார். பெஞ்சில் உட்காரவில்லை. படகின் தரையில் குந்தி, பெயின்டருடைய காலைக் கட்டிக்கொண்டார். மற்ற நாளாக இருந்தால் பெயின்டர் இதை வைத்தே ஒரு வருஷம் ஓட்டியிருப்பான். இன்றைக்கு அவன் வாயைத் திறக்கவில்லை.

சுவரைத் தாண்டியதும் அலை ஆளைத் தூக்கிப் போட்டது. முதுகில் தண்ணீர் அறைந்தபோது, செத்தோம் என்றே நினைத்தார். அடுத்த அலைக்கும் அப்படியே நினைத்தார். ஒவ்வொரு தடவையும் சாகாமல் இருந்தது அவருக்கே ஆச்சரியம். வாந்தி வந்தது, எடுத்தார். பயம் குறையவே இல்லை. நடுவே, திரும்பிவிடு என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டு, பல்லைக் கடித்து மூடிக்கொண்டார்.

மகளின் படகு தெரிந்தது. நங்கூரத்தை எடுத்துவிட்டார்கள், மாப்பிள்ளை பாயை ஏற்றிக்கொண்டிருந்தான். மகள் முதலில் பெயின்டரைப் பார்த்துக் கையசைத்தாள். பிறகு தரையில் சுருண்டிருந்த உருவத்தைப் பார்த்தாள். அசைத்த கை அப்படியே நின்றது.

"அப்பாவா அது?"

பயில்வானுக்குப் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டதில் பேச்சு வரவில்லை. கையிலிருந்த கறுப்புப் பட்டைகளை மட்டும் தூக்கிக் காட்டினார். மகளுக்கு அதைப் பார்க்கக்கூடத் தேவைப்படவில்லை. தண்ணீரின் மேல் அப்பாவைப் பார்த்ததே போதுமாக இருந்தது.

"திருப்புங்க," என்றாள் புருஷனிடம். "படகைத் திருப்புங்க!"

பயில்வானை இரண்டு பேராக இழுத்து மேலே ஏற்றினார்கள். ஏறியவர் தவழ்ந்தே கேபினுக்குள் போனார். மகள் பின்னாலேயே வந்தாள். மாப்பிள்ளை படகைத் திருப்பும்போது காற்று பாயில் நிறைந்து, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்த பக்கத்து ஜன்னல்கள் மூன்றும் தண்ணீருக்குள் போயின. வெளிச்சம் பச்சையாகிவிட்டது. ஏதோ சின்னதாக விட்டுக்கொடுத்த சத்தம். நடு ஜன்னலின் அடிவிளிம்பு நெடுகக் கடல் உள்ளே வழிந்தது. அப்புறம் அடுத்ததில். சொட்டு இல்லை, வழிசல். மகளின் படுக்கை, தலையணை, மடித்து வைத்த துணிகள் எல்லாம் கண்ணெதிரே நனைந்தன.

பயில்வான் போர்வையைச் சுருட்டி விளிம்பில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார். மகள் பக்கத்தில் மண்டியிட்டு அடுத்த ஜன்னலை அழுத்தினாள். அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. கண் விரிந்திருந்தது. அந்த முகத்தில் அவர் ஒருநாளும் பார்க்காதது அது. தன் கண்ணாடியில் தினமும் பார்ப்பது.

"ராத்திரியில, நடுக்கடல்ல, நாங்க தூங்கும்போது..." என்று ஆரம்பித்தாள்.

சுவருக்கு உள்ளே வந்ததும் படகு நிமிர்ந்தது, தண்ணீர் நின்றது. மகள் நனைந்த படுக்கையில் உட்கார்ந்து அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பயமா இருக்குப்பா. நாங்க போகல. இந்தப் படகை வித்துடறோம். இங்கயே உங்க பக்கத்துல இருந்துடறேன்."

எத்தனை மாதமாக இந்த ஒரு வார்த்தைக்காக அவர் தவம் கிடந்தார்! மரம் சாய்ந்திருக்கிறது என்றதும், கனவு சரியில்லை என்றதும் இதற்காகத்தானே? இப்போது கேட்டாகிவிட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் சட்டையைப் பிடித்திருந்த அந்தக் கையின் நடுக்கம் அவருடைய நெஞ்சில் தெரிந்தது. இந்தப் பயத்தோடு இவள் ஆயுசு முழுக்க என்ன செய்வாள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரு முனையில் நிற்பாள். டாக்டர் சிரித்தால் பயப்படுவாள். அதைப் பொறுக்க அவரால் முடியவில்லை.

"போகணும்," என்றார். குரல் தேய்ந்துபோய் வந்தது. "நான் திருப்பிப் போட்டுத் தர்றேன். ஒழுங்காப் போட்டுத் தர்றேன். நீ போ."

படகை மறுபடி தூக்கி நிறுத்தினார்கள். ஆறு ஜன்னலையும் மறுபடி பெயர்த்தார், சுரண்டினார், துடைத்தார், சீலன்ட் வைத்தார். கையால் திருகிவிட்டு, திருப்புளியை மனைவியிடம் கொடுத்து, "நான் கேட்டாலும் தராதே" என்றார். கேட்கவும் செய்தார், இரண்டு தடவை. அவள் தரவில்லை. அது இறுகும் வரை அவருக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. காய்ந்தபின் மகளைக் கூப்பிட்டு அந்த அரைத் திருகை அவளையே போடச் சொன்னார். அப்புறம் மாப்பிள்ளை படகைச் சுவருக்கு வெளியே கொண்டுபோய், இரண்டு பக்கமும் ஜன்னல் முழுகச் சாய்த்து ஓட்டிக் காட்டினான். உள்ளே மகளும் அவளுடைய அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் விளிம்பைத் தடவிய கை ஈரமாகாமல் திரும்பி வந்தார்கள்.

மறுபடி புறப்படும் காலை. மகள் துறையின் விளிம்பு வரை வந்து நின்றுவிட்டாள். கால் எழவில்லை. திரும்பி அப்பாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடுவேன் என்கிற பார்வை.

"உங்களுக்குப் பயமா இல்லையாப்பா?"

"இல்லாம? செத்துக்கிட்டிருக்கேன்," என்றார் பயில்வான். "ஏறும்மா."

ஏறினாள். மாப்பிள்ளை இயந்திரத்தைக் கிளப்பினான். கயிற்றை அவிழ்க்க பெயின்டர் வந்தான். பயில்வான் அவனைத் தள்ளிவிட்டு, பலகையின் விளிம்புக்கே போய்க் குந்தினார். நனைந்த முடிச்சு. அவிழ்க்க நேரம் பிடித்தது. கடைசியில் அவிழ்ந்தது. படகு மெல்ல விலகியது. கயிறு நீண்டு, விறைத்து, படகு நின்றுவிட்டது.

"அப்பா," என்றாள் மகள். "கயிறு இன்னும் உங்க கையிலதான் இருக்கு. விடுங்க."

விட்டார்.